காலி வண்டி

கோபாலபுரம் தாண்டும்போது
ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.
செக்போஸ்ட் மூடி வருஷக்கணக்காகிறது.
தடுப்புக் கம்பம் பிடுங்கிய குழியில்
யாரோ வாழைக்கன்று வைத்திருக்கிறார்கள்.
"என்ன லோடு?" என்றார் டிரைவரிடம்.
பையன் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான்.
"காலி வண்டிங்க சார்" என்றேன் நான்.
இருபத்தாறு வருஷம் அவர் சொல்லக் கேட்டவள்,
எந்தப் பதிலுக்குக் கை அசையும் என்று தெரியும்.
அசைத்தார்.

அப்படித்தான் கேரளத்துக்குள் போனோம்.
ஒரு பையில் ஆறு வேட்டி, மருந்து, ரப்பர் ஷீட்.
சொந்தக்காரர்களுக்கு ஒரு பொய்:
உழிச்சலுக்குக் கூட்டிப் போகிறேன்.
எண்ணெய் வைத்தியம் என்றால்
ஊரே மரியாதையாய்த் தலையாட்டுகிறது.
ஆறு நாள் எனக்குத் தூக்கம் வேண்டும் என்று
சொல்லியிருந்தால் தெரியும்.

கொல்லங்கோட்டு வீட்டில்
சுமங்கலா படிவம் எழுதினாள்.
பெயர் திருமூர்த்தி. வயது எழுபத்தொன்று.
பிடித்தது: அவித்த நிலக்கடலை.
பிடிக்காதது: தலைக்குத் தண்ணீர். கண்ணாடி.
எப்போது கோபம் வரும் என்று கேட்டாள்.
யாருக்கு என்று கேட்டுவிட்டேன்.
பேனா நின்றது. அவசரப்படுத்தவில்லை.
"ராத்திரி மூணு மணிக்கு" என்றேன்.
"ரெண்டு பேருக்கும்."

"சேச்சி போய்க்கோளூ,
ஞான் நோக்கிக்கோளாம்."
அவர் அதற்குள் சாப்பாட்டு வண்டியை மறித்து
பில் கேட்டுக்கொண்டிருந்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன், கேட்டுவரை நாலு தரம்.

திரும்பும்போது வாழைக்கன்றருகே
யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் ராத்திரி மூன்று மணிக்கு
எழுந்து உட்கார்ந்தேன்.
கதவில் கட்டிய ஆட்டுமணி அடிக்கவில்லை.
போய் நானே ஒருதரம் ஆட்டிவிட்டு வந்து
படுத்தேன்.

மறுநாள் பொள்ளாச்சியில் பல் பிடுங்கினேன்.
எட்டு மாசமாய்க் கிராம்பு வைத்து அடக்கிய பல்.
"ஏம்மா இத்தனை நாள்?"
"ஆளில்லீங்க."
"பல்லுப் பிடுங்க எதுக்கு ஆளு?"
டாக்டர் சிரித்தார்.
வாய் திறந்திருந்தது; பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அப்புறம் தூங்கினேன்.
பகலில், விளக்கு வைக்கும் நேரத்தில்,
ரசம் கொதிக்கக் கொதிக்க.
நாலாம் நாள் சாயங்காலம்
காலையிலிருந்து அவரை நினைக்கவே இல்லை
என்று நினைவு வந்து
பர்ஸைத் தொலைத்தவள்போல
இடுப்பைத் தடவிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
ஐந்தாம் நாள் ராத்திரி,
ஆறுக்குப் பக்கத்தில் மனசுக்குள்
ஒரு சைபர் போட்டுப் பார்த்தேன்.
உடனே அழித்துவிட்டேன்.
அழுத்தி எழுதியிருப்பேன் போல,
தடம் தெரிகிறது.

கூட்டிவரப் போன காலையில்
வராந்தாவில் ஒரு மேஜை போட்டு,
நீளநோட்டு ஒன்று கொடுத்து, உட்கார வைத்திருந்தார்கள்.
பால்காரர், சிலிண்டர்காரர், டாக்டரம்மா,
யாராயிருந்தாலும் நின்று
லோடு சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.
நானும் நின்றேன்.

என்னைத் தெரியவில்லை.
முகத்தை மட்டும் உற்றுப் பார்த்தார்.
"ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குதே வண்டி."

கன்னம் வீங்கியிருந்தது.
ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

"ஆமாங்க சார்."
"பாத்துப் போ" என்று எழுதிக்கொண்டார்.
"வீட்டுக்குப் போலாமுங்களா?"
"டூட்டி முடிய நேரமாகும்."

எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன்.
சுமங்கலா கட்டன் சாயா கொண்டுவந்தாள்,
கக்கத்தில் அவளுடைய நோட்டு.
"துலாத்தில் ஆறு திவசம் ஒழிவுண்டு.
எழுதட்டே?"
துலாம் என்றால் ஐப்பசி. மழை பிடித்திருக்கும்.
"எழுதுங்க" என்றேன்.

ஊருக்கு என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை.
சாயா சூடு.
நாக்கு பல் போன குழியையே
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.
அவர் ஒரு பக்கம் எழுதி முடித்து
அடுத்த பக்கம் புரட்டினார்.