இருவரும் ஒருவரே

இரணியல் பள்ளிச் சான்றிதழில்
ஞானசிகாமணி.
ஜபல்பூர் கிளார்க்கின் வாயில் நுழையாமல்
கியான் சிங் மணி.

இருபத்திரண்டு வருடம் அந்தப் பெயருக்குத்தான்
பூட்ஸும் சம்பளமும் கொடுத்தார்கள்.
'சிங்கம்தானே, கிடக்கட்டும்' என்பார்.
திருத்தக் கேட்கவில்லை.

இப்போது சிங்குக்குப் பென்ஷன் உண்டு,
சிங்கின் விதவையைத்தான் காணோமாம்.
நாகர்கோவில் ஆபீஸில் ஐந்தாம் முறையாக
டோக்கனோடு இருந்தேன்.
அஃபிடவிட் கொண்டா என்றார்கள்.

தக்கலை கோர்ட்டு வாசலில்
நோட்டரி டைப் அடித்து நீட்டினார்:
மேற்படி பெயர்களுடைய இருவரும் ஒருவரே
என உறுதி கூறுகிறேன்.
'ஒப்புப் போடும்மா, மழை வருது.'

லடாக்கிலிருந்து இன்லண்டில்
'என் லில்லிபாய்க்கு' என்று
மணிமணியாக எழுதியவர் ஒருவர்.
பென்ஷனாகி வந்து
உப்பில்லையென்று சாளைக்கறியைச்
சட்டியோடு முற்றத்தில் எறிந்தவர் இன்னொருவர்.
நடுராத்திரி இந்தியில் யாரையோ
'படு, கீழே படு' என்று கத்தியவர்
யாரென்று எனக்கே தெரியாது.
விடிந்ததும் அவரும் சொன்னதில்லை.

இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
இரண்டு பேருக்குத்தான் இடம்.

பேனாவை வாங்கி
ஒருவரே என்பதன் கீழே
என் பெயரை எழுதினேன்.
கை நடுங்கியதில்
ஒரு 'ல்' விட்டுப்போயிற்று.

நோட்டரி பார்க்கவில்லை.
ஓங்கி ஒரு குத்து,
சீல்.