விலக்கு

சுவர் எழுப்பி முடித்த அன்று
எவரிஸ்தோ கையிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டுச் சொன்னான்:
"உன் கிழங்கு உன்னோடு."
பதினான்கு வருஷக் கிட்டங்கியை
நடுவே பிளந்தது பச்சைச் செங்கல்.
உத்தரம்வரை எட்டவில்லை அது,
ஒரு சாண் மிச்சம்.
செங்கல் தீர்ந்திருக்கலாம், அவனுக்குச் சலித்திருக்கலாம்.

என் பங்கில் வந்தவை:
அறுபது மூட்டை இமில்யாக் கிழங்கு
(இமில்யா என்றால் எங்கள் பேச்சில் சின்னப் பெண்),
திதிகாகா ஏரிக்காற்றுக்கு முகம் சுளிக்கும் ஒரு கழுதை,
சரிவு முழுக்க
யாரும் பங்கு கேட்காத முன்யாப் புதர்.
புதினாவுக்குத் தூரத்து உறவு.
புதினாவின் பணிவு மட்டும் கிடையாது.

கூட்டுறவுச் சங்கத்தின் செப்புக் கொதிகலத்தைச்
செவ்வாய்தோறும் எனக்கு விட்டார்கள்.
இந்த உயரத்தில் தண்ணீருக்குப் பொறுமை இல்லை,
எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
இருநூறு கிலோ தழை உள்ளே போனால்
சாயங்காலம் குழாயின் நுனியில்
ஒரு லிட்டர் எண்ணெய்.
வெளிர் மஞ்சள்.
மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் வரும்.
அழுதேன் என்று யாரும் சொல்ல முடியாது.

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பார்கள்.
துணிசோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினால் ஒட்டும்,
ஒரு மணி நேரத்துக்கு.
அதற்குள் தெளித்துவிட வேண்டும்.
முதல் தடவை அளவு தெரியாமல் ஊற்றி
விதைக்கிழங்கின் முளையெல்லாம் கருகியது.
அடுத்த தடவை பாதி. அதற்கடுத்து அதிலும் பாதி.
ஐந்தாம் நாள் வாசனை போய்விடும், மறுபடி தெளி.
கடையில் விற்கும் விஷம் தங்கும், இது தங்காது.
இதன் பெருமை அது. தொல்லையும் அதுவே.

அந்துப்பூச்சி சாகவில்லை.
சாகடிப்பேன் என்று எண்ணெய் சொல்லவும் இல்லை.
இங்கே வேண்டாம் என்றது, அவ்வளவுதான்.
சங்கத்திலிருந்து வந்த நின்ஃபா
பசை அட்டையில் ஒட்டியவற்றை எண்ணினாள்:
முப்பத்தொன்று. பிறகு பன்னிரண்டு. பிறகு நான்கு.
நோட்டில் எழுதினாள்: விலகின.
எங்கே விலகின என்பதற்கு
அந்த நோட்டில் கட்டம் இல்லை.

எனக்குத் தெரியும்.
விளக்கணைத்த பிறகு கேட்கும்,
சுவருக்கு அப்பால் அவன் கிழங்கு பொறுக்குவது.
துளைபட்டது தகரவாளியில் விழும்.
டொக்.
முதல் வாரம் அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினேன்.
இரண்டாம் வாரம் எண்ணத் தொடங்கினேன்.
எழுபதைத் தாண்டியபோது, சம்பந்தமே இல்லாமல்,
அந்த வாளியின் கைப்பிடிக்குக்
கம்பி கட்டியது நான்தான் என்பது நினைவுக்கு வந்தது.

மணவிலக்குத் தாளில்
நீதிபதி எல்லாம் எழுதியிருந்தார்.
கழுதை, மூட்டை, புகைபோக்கிகூட.
பூச்சியை மட்டும் பங்கு பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ஏணி வைத்து ஏறினேன்.
தெளிப்பானின் மூக்கை அந்த ஒரு சாணுக்குள் நுழைத்து
அமுக்கினேன்,
தொட்டி காலியாகும்வரை பாதி, கோபம் தீரும்வரை பாதி.
இருமல் கேட்டது. வாளி நகர்ந்தது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அவன் குரல், நாளைக்கு மழை என்பதுபோல்:
"இடப்பக்க மூலை விட்டுப்போச்சு."

மறுபடி கலக்கி, மறுபடி ஏறி,
மூலைக்கும் அடித்தேன்.

ஞாயிறு சந்தையில்
மேற்குச் சரிவு திபூர்சியோ வழிமறித்தான்,
தொப்பியைக்கூடக் கழற்றாமல்.
"உங்க ரெண்டு வீட்டுலயும் என்ன செய்யறீங்க?
எங்க கிட்டங்கியில வாயைத் திறந்தா அந்து உள்ளே போகுது."
மூச்சு வாங்கினான்.
"அந்தச் சீசா என்ன விலை?"