எட்டாவது பிஸ்கட்

அன்செல்மோ,
ஒவ்வொரு மழைக்காலமும் யாராவது வந்து
தண்ணீரைப் பற்றிச் சொல் என்கிறார்கள்.
உனக்கு நான் பிஸ்கட்டைப் பற்றி எழுதுகிறேன்.

புசி ஆறு இரவில் வந்தது.
வந்தது என்பதுகூடப் பிழை.
விடிந்தபோது ஊர் இல்லை, ஆறு மட்டும் இருந்தது.
ஆற்றின் நடுவில் நம் பள்ளியின் தகரக் கூரை,
கூரைமேல் நீ, நான், ஜசிந்தா,
அவள் தம்பி டினிஸ்,
ஐந்தாவதாக ஒரு பச்சைப் பாம்பு.

அது அந்த மூலை, நாம் இந்த மூலை.
மூன்று நாளும் அது எல்லை தாண்டவில்லை.
அத்தனை நாகரிகமான அண்டை வீடு
அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

தலைமையாசிரியர் அறை ஜன்னல் வழியாக முங்கி
மூன்று பொருள் கொண்டுவந்தாய்:
கால்பந்தில் இரண்டாம் இடத்துக்குக் கிடைத்த கோப்பை,
பாலித்தீனில் சுற்றி முத்திரை வைத்த இயற்பியல் வினாத்தாள்,
ஒரு பொட்டலம் பிஸ்கட்.
எண்ணினாய். இருபத்துநான்கு.
ஆளுக்கு நாளைக்கு இரண்டு என்றாய்,
பதினாறு வயதில் ஒரு நிதியமைச்சர் போல.

இறுதியாட்டத்தில் தோற்ற அன்று
நீ உதைத்துத் தள்ளிய கோப்பை அது.
அதில்தான் மழையைப் பிடித்துக் குடித்தோம்.
நெளிந்த விளிம்பு உதட்டைக் கிழித்தது.

பொழுது போகாமல் முத்திரையை உடைத்தோம்.
முதல் கேள்வி:
'ஒரு மரக்கட்டை நீரில் மிதக்கிறது.
அதன் எத்தனை பங்கு மூழ்கியிருக்கும்?'
ஜசிந்தா சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை,
நாமும் சிரித்தோம், தகரம் அதிர்ந்தது.
அப்போதுதான் ஒன்று மிதந்து போனது.
மரக்கட்டை இல்லை.
நீல வேட்டி போல் ஏதோ அதன் பின்னால் இழுபட்டது,
கப்புலானா துணி, பூப்போட்டது.
நீ டினிஸின் கண்ணைப் பொத்தினாய்.
என் கண்ணைப் பொத்த ஆள் இல்லை.
கணக்கில் நான் கெட்டிக்காரி.
பத்தில் ஒன்பது பங்கு.

இரண்டாம் இரவு.
தூக்கத்தில் யாரும் உருண்டுவிடக் கூடாதென்று
ஜசிந்தாவின் துணியைக் கிழித்து முறுக்கி
நால்வர் இடுப்பையும் ஒரே கயிற்றில் கோத்தாய்.
ஓரத்தில் நான். எனக்கு அடுத்து நீ.
ஆள் அசைந்தால் பக்கத்து ஆளுக்குத் தெரியும்,
அதுதான் இந்த முடிச்சு என்று பெருமையாகச் சொன்னாய்.

பசி என்று சொல்லமாட்டேன்.
பசி பகலிலும் இருந்தது.
இருட்டில் அந்தப் பொட்டலம் என் காதுக்குள் சரசரத்தது.
கையை நீட்டினேன். ஒன்றே ஒன்று.
மெல்லாமல், சத்தம் வராமல்,
நாக்கில் கரையும்வரை வைத்திருந்தேன்.
உப்பா இனிப்பா என்று இன்றுவரை தெரியாது.

விடிந்ததும் எண்ணினாய். ஏழு.
மறுபடி எண்ணினாய். ஏழுதான்.
டினிஸ், பத்து வயது, பாம்பைக் காட்டினான்.
"ஆமாம், பாம்பின் வேலைதான்" என்றாய்.
எங்களுக்கு இரண்டிரண்டு கொடுத்துவிட்டு
மிச்சம் ஒன்றை நீ எடுத்துக்கொண்டாய்.
அதையும் பாதி உடைத்து டினிஸிடம் தந்ததைப் பார்த்தேன்.

மதியம் மீன்வாடையோடு ஒரு படகு.
படகோட்டி நம் பெயரைக் கேட்கவில்லை,
எண்ணிக்கையை மட்டும் கேட்டான்.
நால்வர் என்றோம்.
பாம்பு கூரையிலேயே தங்கிவிட்டது, பழியோடு.

வீடு போனதும், அதில் இருந்தவர்கள் போனதும்
என்னை இரவில் எழுப்புவதில்லை.
எழுப்ப வேண்டியவை அவைதான்,
எனக்குத் தெரியும்.
பேய்ராத் துறைமுகத்தில் இறால் எடை போடுகிறேன்,
ஒரு கிராம் குறைந்தாலும் மறுபடி நிறுக்கிறேன்,
மேலாளர் பாராட்டுகிறார்.

நேற்று ஜசிந்தாவின் கல்யாணத்தில்
ஒரு தட்டு நீட்டினாய், "எடு, பெலிசார்டா" என்றாய்.
தட்டில் பிஸ்கட் இல்லை, முந்திரிதான்.
ஆனாலும் கை வரவில்லை.

பாம்பு பிஸ்கட் தின்னாது, அன்செல்மோ.
ஏழாம் வகுப்புப் பாடம் அது.
அந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் உனக்குத்தான்.

கயிறு என் பக்கம் இழுபட்டபோது
விழித்துத்தானே இருந்தாய்?
பதில் எழுதாதே.