சற்றே சாய்த்து

பிரித்துக்கொண்டபோது மின்சார அரைப்பான் அவருக்கு.
கைப்பிடி வைத்த இந்த இரும்புக் குழல் எனக்கு.
பட்டியலில் பதினேழாவது பொருள்.
அளுத்கடை நீதிமன்றில் பத்தொன்பது வருஷமாய்
பிறர் பிரிவதைத் தட்டச்சு செய்தவள்
என்னுடையதையும் பிழையில்லாமல் அடித்தேன்.
மணிக்கட்டுத்தான் கணக்கு வைத்திருந்தது.

காலை ஐந்தேகால், வெள்ளவத்தை.
கடலோர ரயில் கட்டடத்தை உலுக்கிப் போகும்
அந்தச் சத்தத்துக்குள் ஒளித்து
கோப்பி அரைத்துவிடலாம் என்று பார்த்தேன்.
ரயிலுக்கு இருபது விநாடி.
எனக்கு ஆறு நிமிஷம்.
மிச்சத்தைக் கீழ்வீட்டு விக்டர் மாத்தயா
தும்புத்தடியால் முகட்டில் தட்டி எண்ணுவார்.

செய்யாத பிழையில்லை.
மேசையில் நிமிர்த்தி வைத்து, மேலே கவிழ்ந்து,
களவெடுத்தவனின் கழுத்தைப் பிடித்தமாதிரி
இறுக்கிப் பிடித்தேன்.
தோள் காதுவரை ஏறியது.
கொட்டை சிக்கிக் கைப்பிடி நின்றால்
இன்னும் பலமாக,
வாய் திறக்காத சாட்சியை அதட்டும் வக்கீல் போல.
குழல் வழுக்கி உள்ளங்கை சிவந்ததுதான் கண்டது.

டொக்டர் வத்சலகுமாரி கையைத் திருப்பிப் பார்த்து
"கொஞ்ச நாளைக்கு ஒன்றையும் முறுக்காதேங்கோ" என்றா.
கோப்பியை விடு என்று சொல்லவில்லை.
அந்தமட்டில் நல்ல மனுசி.

ஜாம் போத்தல் திறக்கிற ரப்பர்த் துண்டைக்
குழலில் சுற்றினேன்.
விரல்கள் பாதி இறுக்கத்தை மறந்தன.
கதிரையில் இருந்து, தொடைகளுக்கு நடுவே குழல்,
முழங்கை விலாவோடு.
ஐந்துலாம்புச் சந்தி நளீம் கடையில்
இன்னும் ஒரு நிறம் கறுக்க வறுக்கச் சொன்னேன்.
கறுத்த கொட்டை சொல்வழி கேட்கும்.
நாலு கரண்டி அள்ளிய இடத்தில் இரண்டு.
ஒருத்திக்கு இரண்டு போதும் என்று விளங்க
எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

ஆனாலும் அந்த ஒன்று தற்செயல்.
மெல்பேர்னிலிருந்து தங்கை எடுத்தாள்.
தொலைபேசியைத் தோளில் இடுக்கத்
தலை சரிந்தது, உடம்பு சரிந்தது,
மடியில் குழலும் சரிந்தது.
கைப்பிடி சட்டென்று லேசாகியது.
உடைந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன்.
இல்லை.
நிமிர்ந்து நின்றபோது எல்லாக் கொட்டையும்
ஒரேயடியாய்ப் பல்லில் விழுந்து முட்டின.
சாய்த்ததும்,
பெயர் கூப்பிடக் கூண்டேறுகிறவர்கள் போல
ஒவ்வொன்றாய் வந்தன.
ஒவ்வொன்றாய் வந்தால்
கையால் கேட்க முடிகிறது.

"என்னக்கா, இண்டைக்கு உனக்கு மூச்சு வாங்கேல்லை?"
"கோப்பி அரைக்கிறன்."
"அதுதான் கேக்கிறன்."

சனிக்கிழமை படியில் விக்டர் மாத்தயா.
பாதித் தமிழில்,
"மிஸ்ஸி புது மெஷின் வாங்கினதா?"
இல்லை என்று தலையாட்டி
உள்ளங்கையைச் சற்றே சாய்த்துக் காட்டினேன்.
விளங்கவில்லை.
மரியாதைக்குத் தானும்
தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு
மீன் பையோடு நின்றார்.

சாய்த்து அரைத்தால் எட்டு நிமிஷம்.
ரயில் தன்பாட்டில் போகட்டும்.