சித்த நேரம்

சோமனூர், இரவு ஒன்றரை.
கீழே இருபத்துநாலு தறி.
மேசை நடுங்குகிறது. டம்ளரில் ஆறிய டீ
வட்டம் வட்டமாக விரிந்து ஓரத்தில் முட்டுகிறது.
பெருந்துறைச் சாயப்பட்டறைக்குப் போகவேண்டிய போர்டு
மூன்று கம்பிக் கேபிளின் முனையில்
எழுகிறது,
ஒன்று புள்ளி எட்டு மூன்றாம் வினாடியில்
விழுகிறது.

ரூட் எங்கே என்று கேட்கிறது கர்னல்.
எனக்குத் தெரிந்த வட்டுகள் இவை என்று
ஒரு பட்டியல் போடுகிறது.
பட்டியலில் ஒன்றுமில்லை.
பிறகு பேனிக். பிறகு அசைவில்லை.
கண்ணெதிரே ஈயம் வைத்து ஒட்டிய சில்லு,
நகத்தால் தொட்டால் சூடு.
இல்லவே இல்லை என்கிறது.

கீழே ஊடை அறுந்தால் தறி நிற்கும்.
அறுந்த இடத்தில் நூல் தொங்கும்.
இது நின்ற இடமும்
அறுந்த இடமும் வேறு வேறு.

அதுவும் பத்துக்கு மூன்று முறைதான். அதுதான் கெரகம்.
பத்துக்குப் பத்தும் விழுந்திருந்தால்
ஒன்பது மணிக்கே படுத்திருப்பேன்.

எட்டாயிரம் திருத்தங்களைப் பாதியாக்கி,
பாதியைப் பாதியாக்கி,
பதின்மூன்றாவது வெட்டில் வந்து நின்றேன்.
ஒலிச் சில்லுக்கான திருத்தம்.
இந்தப் போர்டில் ஒலியே கிடையாது.
நல்லது என்று நான் குறித்த ஏதோ ஒன்று
அந்த ஒரு தடவை சும்மா எழுந்து தொலைத்திருக்கிறது.
நாலு மணி நேரம் போச்சு.

சரி, உள்ளே பார்த்தே விடலாம் என்று
சேமிப்பு டிரைவரின் நடுவில் ஒரு பிரிண்ட் போட்டேன்,
நேரம், சாதனப் பெயர், நாலைந்து எண்களோடு
நீளமாக ஒரே வரி.
எழுந்தது.
திரும்பவும் எழுந்தது. நாற்பது தடவை.
வரியை எடுத்தேன், மூன்றாவதில் விழுந்தது.
வைத்தேன், எழுந்தது.

நாச்சிமுத்து போனில் இருந்தார்.
"அந்த வரியையே உட்டுருங் அம்முணி.
ஆறு மணிக்கு வண்டி. நாப்பது போர்டு.
ஓடுதுல்லங், அப்பறம் என்னுங்?"

அதுவும் நியாயம்தான்.
ஆனால் எண்பது எழுத்து அந்தக் கம்பி வழி வெளியேற
ஏழு மில்லிவினாடி பிடிக்கும்.
என் வரி எதையும் காட்டவில்லை.
வாசலில் நின்று நேரம் போக்கியது,
அதற்குள் சில்லு தயாராகிவிட்டது.

பழைய கோப்பைத் திறந்தேன்.
அதே இடத்தில் முன்பு ஒரு வரி இருந்திருக்கிறது:
இருபது மில்லிவினாடி தூங்கு.
ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை.
நீக்கியவர் சொல்லியிருக்கிறார்:
"தேவையற்ற காத்திருப்பு. துவக்கம் விரைவாகும்."
நீக்கியது நான்.
அந்த வாரம் ஆபீஸ் முழுக்க ஜிலேபி
என் செலவு.

தூக்கத்தைத் திருப்பி வைக்கலாம். இருபது போடலாம்.
அடுத்த வருஷம் இருபத்தொன்று கேட்கும் சில்லு வரும்.

இந்தப் பக்கம் எந்தக் கடையில் நின்றாலும்
சித்த இருங் என்பார்கள்.
சித்த என்றால் எத்தனை நிமிஷம்?
கேட்டுப் பாருங்கள், சித்த என்றுதான் பதில் வரும்.
ஆகும்வரை என்று பொருள்.
கர்னலுக்கு அதை ஆறு வரியில் எழுதினேன்.
இனிமேல் எண்ணிக்கொண்டு நிற்காது,
பிரிவினைகளைப் படித்து முடித்த சில்லு
ஆச்சு என்று சொன்ன பிறகே
ரூட்டைக் கேட்கும்.

ரிலே வைத்து மின்சாரத்தை வெட்டி வெட்டி
இருநூறு தடவை ஓட விட்டேன்.
நூற்று முப்பத்தேழில் கரண்ட் போனது.
இருபத்துநாலு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
லேப்டாப் பேட்டரியில் போர்டு மட்டும்.
இத்தனை நேரம் கேட்காத ரிலே
இருட்டில் டிக் என்றது.
எழுந்தது.
டிக்.
எழுந்தது.

இருநூறும் எழுந்தால்
இருநூற்றொன்றாவதற்கு யார் பொறுப்பு?
தெரியாது. ஐநூறு என்று மாற்றினேன்.
திருத்தத்தின் தலைப்பில்
இந்த முறை காரணத்தை எழுதினேன்,
நாலு பத்தி.

நாலே முக்காலுக்கு நாச்சிமுத்து.
"ஆச்சுங்களா?"

டிக்.

"சித்த இருங்."