அடைகாப்பு

எட்டு மணியாகியும் விடியவில்லை ஃபிரீஸ்லாந்தில்.
முதல் சரணாலயத்தில் வாத்துகள் மட்டும்,
நானூறு வரை எண்ணி விட்டுவிட்டேன்.
இது இரண்டாவது. மறைவுக் குடிலின் குளிர்
பெஞ்சிலிருந்து முதுகெலும்புக்கு ஏறுகிறது.
ஃபிளாஸ்க் மூடியில் பட்டாணி சூப்பை
ஊற்றி நீட்டுகிறாள் வீட்ஸ்கே.
கேமரா பேட்டரியை அக்குளில் இடுக்கி
முட்டைமேல் அமர்ந்தவன் மாதிரி ஷூர்ட்.

மூன்று மணி நேரம்.

பிறகு நாணலில் ஒரு தண்டு
மற்றவை சாயாத பக்கம் சாய்ந்தது.
கழுத்தெல்லாம் கோடு, அலகு வானத்துக்கு.
"எங்கே?" என்றாள் வீட்ஸ்கே.
"அதோ" என்பதற்குள்
அது மறுபடி நாணல்.

பதினொரு சொடுக்கு. பேட்டரி செத்தது.
மறுபடி அக்குள், மறுபடி காத்திருப்பு,
இந்த முறை படத்துக்காக.

திரையில்
ஒரே ஒரு நாணல் தாள்,
ஓரத்து உறைபனிப் பற்களை எண்ணிவிடலாம்.
பின்னால் பழுப்பு மங்கல்.
மங்கலுக்குள், பெரிதாக்கினால்,
மஞ்சளாய் ஒரு கண், நேராக.

குடிலின் பதிவேட்டில் ஷூர்ட் எழுதினான்:
குருகு, ஒன்று.
வீட்ஸ்கே பேனாவைப் பிடுங்கி உதறினாள்,
மை உறைந்திருந்தது,
ஊதினாள், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள்,
அப்புறம் அதற்குக் கீழே:
அது கண்டது, மூவர்.