ஆறு மணி

கடிகாரத்தைத் திருத்த வேண்டாம் என்றார் விமானி.
ரெய்க்யவிக்கில் என்ன மணியோ
டெனெரீஃபிலும் அதே மணி.
ஐந்தரை மணி நேரம் தெற்கே பறந்து
இருபத்திரண்டு டிகிரிக்குள் இறங்கினோம்,
டிசம்பர் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

பெட்டியைத் திறந்தேன்.
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
கத்திமுனையால் நட்சத்திரம் வெட்டிப் பொரித்த இலைரொட்டி
அப்பளமாய் நொறுங்கி
சாக்ஸுக்குள் புகுந்திருந்தது.
புகைபோட்ட ஆட்டுத்தொடை மட்டும்
எதுவுமே நடக்காததுபோல் படுத்துக் கிடந்தது.
தோர்கெய்ர் தூளைக் கிண்ணத்தில் சேர்த்து
ஸ்பூனால் சாப்பிட்டான்.
"நல்லாத்தான் இருக்கு."

சுன்னேவா தன் செருப்பை ஜன்னலில் வைத்தாள்.
மலையிலிருந்து பதின்மூன்று குறும்பர்கள்
இரவுக்கு ஒருவராக இறங்கி வருவார்கள்.
நல்ல பிள்ளைக்கு மிட்டாய்,
மற்றதுக்கு உருளைக்கிழங்கு.
"கடலை எப்படித் தாண்டுவாங்க?"
"நாம எப்படித் தாண்டினோம்?"
"அவங்ககிட்ட பாஸ்போர்ட் இல்லையே."
எட்டு வயது.
நம்புவதை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாமா என்று
கணக்குப் பார்க்கிற வயது.
பால்கனிக்குப் போய் அடுத்ததைக் கேட்டாள்:
"அந்த மலையும் வெடிக்குமா?"
தோர்கெய்ர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
உரித்துக்கொண்டே இருந்தான்.

கேட்டவர்களிடமெல்லாம்
வெயிலுக்காக வந்தோம் என்கிறோம்.
இரண்டு நவம்பருக்கு முன்
ஒரே ராத்திரியில் எங்கள் ஊர் காலியானது.
கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு விரிசல்,
கை நுழைகிற அளவு.
அதற்குள்ளிருந்து சூடாக மூச்சு வந்தது.
அரசாங்கம் வீட்டை வாங்கிக்கொண்டது,
நியாயமான விலைக்கு.
விரிசலுக்குத் தனியாக எதுவும் போடவில்லை.

குறும்பர்களில் கடைசி ஆள்
மெழுகுவர்த்திக்கு அலைபவன்.
அவனுக்கென்று கொண்டுவந்த சிவப்பு மெழுகுவர்த்தி
மதிய வெயிலில் மெல்லத் தலைகுனிந்து
தூண்டில்முள்ளாய் வளைந்து நின்றது.
அறையைச் சுத்தம் செய்ய வந்த காண்டெலாரியா
வாய்விட்டுச் சிரித்தாள்.
வெந்நீரில் முக்கி, ஈரத்துண்டில் கிடத்தி,
உள்ளங்கையால் உருட்டினாள்.
முக்கால்வாசி நிமிர்ந்தது.
தன் பெயரிலேயே மெழுகுவர்த்தி இருக்கிறது என்று
அவள் ஏதோ சொல்ல
என் போன் மொழிபெயர்த்தது:
"நான் மெழுகுவர்த்தி."

இருபத்துநாலாம் தேதி நாலு மணிக்கு
அவளைக் கூட்டிப்போகத் தம்பி யெராய் வந்தான்.
பழைய காரின் பானட்டில்
ஒரு பனிமனிதன்.
உச்சியில் பனி விழுந்தால்
இங்கே எல்லாரும் ஏறிப்போய் அள்ளிக்கொண்டு
ஹாரன் அடித்தபடி கடற்கரைவரை வருவார்களாம்.
வளைவுக்கு வளைவு இளைத்து
கழுத்தில்லாமல் வந்து சேர்ந்திருந்தான்.
பிள்ளைகள் தொட்டு அலறினார்கள்,
கன்னத்தில் தேய்த்துக்கொண்டார்கள்.
நாங்கள் மூவரும் தள்ளி நின்றோம்,
சொந்தக்காரன் ஒருவன் நடுத்தெருவில் ஆடும்போது
நிற்பதுபோல.
காண்டெலாரியா கைநிறைய அள்ளி நீட்டினாள்,
பனியே பார்த்திராதவளுக்குத் தருவதுபோல்.
வாங்கிக்கொண்டேன்.
உள்ளே நெருநெருவென்று கறுப்பு மணல்.
எங்கள் ஊர்ப் பனியிலும்
இதே கறுப்பு இருக்கும்.
சுன்னேவா தன் பங்கைச் செருப்பில் வைத்து
மாடிக்கு ஓடினாள்.

ஆறு மணிக்கு போனில் வானொலி.
அங்கே இருட்டி இரண்டரை மணி நேரமாகியிருக்கும்;
இங்கே சூரியன் இன்னும் ஒரு விரல் மிச்சம்.
முதலில் அந்த மௌனம்,
எல்லா வருடமும் வருகிற, அதே நீளத்து மௌனம்.
பிறகு மணியோசை.
கீழே நீச்சல்குளத்தில் யாரோ குதித்தார்கள்.
குளிர் வந்துவிடுமே என்று
தோர்கெய்ர் கதவைச் சாத்த எழுந்தான்,
பாதி வழியில் நின்றான்,
திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மெழுகுவர்த்தி கோணலாக எரிந்தது.
செருப்பில் தண்ணீர்.
"நாளையிலிருந்து ஒவ்வொருத்தரா
மலைக்குத் திரும்பிப் போவாங்க, இல்லையா?"
"ஆமா."
"எந்த மலைக்கு?"

ஆட்டுத்தொடையை வெட்டினேன்.
எலும்போரத் துண்டு
அவளுக்கு.